கடலோர ஊரில் ப்ளக் பாயிண்ட் மாற்றுவது எப்படி?

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் சமையலறையில் மீன் கருகுகிற வாடை. கடற்கரை ஊரில் மீன் வாடை வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மூன்று நாள் பக்கத்து வீட்டு அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் இண்டக்ஷன் அடுப்பின் ப்ளக்கைப் பிடுங்கும்போது என் கை சுட்டது. பாயிண்ட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஸ்விட்ச், சாக்கெட் செய்கிற பிளாஸ்டிக் சூட்டில் வெந்தால் அப்படி ஒரு மீன் வாடை வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மெயினை அணைத்துக் கழற்றிப் பார்த்தால், சிவப்பு ஒயரின் இழைகளில் பாதிதான், ஸ்க்ரூ போட்டு ஒயரைக் கவ்வுகிற டெர்மினலுக்குள் இருந்தன. மீதி வெளியே விசிறிக்கொண்டு நின்றன. ஸ்க்ரூவை விரலாலேயே அரைச் சுற்று திருப்ப முடிந்தது. செம்பின்மேல் பச்சைக் களிம்பு. மாட்டியவர் அவசரத்தில் மாட்டியிருக்கிறார். உப்புக் காற்று மீதி வேலையைச் செய்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் வெறும் அரை ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். 8.7 × 8.7 × 0.5, அதாவது ஏறக்குறைய 38 வாட் வெப்பம் அந்த ஒரு ஸ்க்ரூ முனையில் சேரும். ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் ஐயன் பெரும்பாலும் 25 வாட்தான். இதில் இன்னொரு சங்கடம், கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற எம்.சி.பி ஸ்விட்ச் விழாது. அது ஓடுகிற கரண்ட்டின் அளவைத்தான் பார்க்கும். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. எரிந்து கரியாகும்வரை எம்.சி.பி-க்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அதனால் ஒயரை நேர்த்தியாக மாட்டுவது என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல. சுவருக்குள் போனபின் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது

இருக்கிற பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியதை மாட்டுவது மட்டும்தான் இங்கே பேச்சு. சுவரில் காடி வெட்டிப் புது லைன் இழுப்பது, மெயின் போர்டைத் திறப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனின் வேலை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

'அதே அளவில்' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6 ஆம்பியர் பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 16 ஆம்பியர் பாயிண்ட் மாட்டுவது கடலூரிலும் புதுச்சேரியிலும் வாடகை வீடுகளில் சர்வசாதாரணம். வெளியே பெரிய துளை வந்துவிடும், உள்ளே ஒயர் அதே பழைய மெல்லிய ஒயர். 6 ஆம்பியர் பாயிண்ட்டுக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வந்திருக்கும். கீசர், இண்டக்ஷன் அடுப்பு மாதிரியானவற்றுக்கான 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்குக் குறைந்தது 2.5, ஏ.சி-க்கு 4 என்று இழுப்பார்கள். 6 ஆம்பியரில் 1380 வாட், 16 ஆம்பியரில் 3680 வாட். பெரிய துளையைப் பார்க்கிறவர் கீசரைச் செருகத்தான் செய்வார். ஒயர் தாங்காது.

சுவருக்குள்ளிருந்து வருவது வெள்ளை நிற அலுமினிய ஒயராக இருந்தாலும் கை வைக்காமல் மூடிவிடுங்கள். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கிச் சேர்த்தால் இந்தக் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும்.

வாங்க வேண்டியவை

லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ எலக்ட்ரிக்கல் கடையில் எல்லாம் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள சாக்கெட் வாங்குங்கள். நம் நாட்டு ப்ளக், சாக்கெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 1293. கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். டெர்மினல் பித்தளையில் கனமாக இருக்க வேண்டும், ஸ்க்ரூ சுற்றும்போது கடகடவென்று ஆடக் கூடாது. பழைய சாக்கெட்டையோ அதன் போட்டோவையோ கடைக்கு எடுத்துப் போனால் நல்லது. மாடுலர் ஸ்விட்சுகள் ஒரு கம்பெனியுடையது இன்னொரு கம்பெனி ஃபிரேமில் உட்காராது.

கருவிகள்: இன்சுலேஷன் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், கட்டிங் பிளேயர், ஒயர் ஸ்ட்ரிப்பர், டெஸ்டர், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் எதற்கு, டெஸ்டர் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஏன் என்று கீழே வரும்.

கரண்ட்டை அணைப்பது

அந்த பாயிண்ட்டின் எம்.சி.பி-யை மட்டும் அணைத்தால் போதும் என்பார்கள். முதல்முறை செய்கிறவர்கள் மெயினையே அணைத்துவிடுங்கள். பகலில் செய்யுங்கள், வெளிச்சத்துக்குக் கஷ்டம் இருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். எம்.சி.பி மேல் ஒரு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஃபேன் நின்றுவிட்டதே என்று யாராவது தூக்கிவிடுவதைத் தடுக்க அதுதான் வழி.

அப்புறம் இன்வர்ட்டர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தானே புயல் கரையைக் கடந்தபோது பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இன்வர்ட்டர் வந்துவிட்டது. மெயினை அணைத்ததும் இன்வர்ட்டர் 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்துத் தன் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கும். நீங்கள் கை வைக்கிற போர்டில் ஒரு லைட் ஸ்விட்ச்சாவது அந்த லைனில் இருக்கும். இன்வர்ட்டரின் ஸ்விட்ச்சையும் அணைக்க வேண்டும். சோலார் போட்டிருந்தால் அதையும்.

இனி சோதனை. மெயினை அணைப்பதற்கு முன், கரண்ட் இருக்கும்போதே டெஸ்டரை அந்த பாயிண்ட்டில் வைத்து அது எரிகிறதா பாருங்கள். அணைத்தபின் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.  டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது எரியாததை வைத்துக் கரண்ட் இல்லை என்று நம்பிவிடுவோம். மல்டிமீட்டரையும் ஏ.சி 750 வோல்ட்டில் வைத்து மூன்று துளைகளுக்கிடையிலும் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர்.

கழற்றுவது

மாடுலர் போர்டில் மேல்பிளேட் வெறுமனே கவ்விக்கொண்டிருக்கும். ஓரத்தில் உள்ள சின்னப் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். அதற்குள் ஃபிரேமின் இரண்டு ஸ்க்ரூ. இந்த ஊரில் அவை துருப்பிடித்து இறுகியிருப்பது வழக்கம்; தலை மழுங்கும்வரை திருகாமல், சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

ஃபிரேமை வெளியே இழுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், செல்போனில் நாலு போட்டோ. எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

நிறத்தை வைத்து: சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம் என்றால் பேஸ் (கரண்ட் வருகிற ஒயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகிற ஒயர்), பச்சை எர்த் (கசிகிற கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒயர்). பச்சையில் மஞ்சள் கோடு போட்டதும் எர்த்தான். ஆனால் இது நல்ல ஒயர்மேன் செய்த வீட்டுக்கு மட்டும். சிவப்பு ஒயர்ச் சுருள் தீர்ந்துபோய் மீதியைக் கறுப்பில் ஓட்டிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கடைசியில் மீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் நுனி

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பெரும்பாலான ஆட்கள் கோட்டைவிடுகிற இடமும் இதுதான்.

பழைய நுனியை அப்படியே புது டெர்மினலில் செருகாதீர்கள். கறுத்திருந்தாலும் பச்சை பூத்திருந்தாலும் வெட்டி எறியுங்கள். இன்சுலேஷனை உரித்தால் உள்ளே பளபளவென்று செம்பு தெரிகிற இடம்வரை வெட்ட வேண்டும். சில சமயம் களிம்பு உறைக்குள்ளேயே இரண்டு விரற்கடை ஓடியிருக்கும். அத்தனையும் வெட்டினால் ஒயர் எட்டவில்லை என்றால், இழுத்துக் கட்டவோ முறுக்கி டேப் சுற்றவோ வேண்டாம். டேப்பின் பசை ஒரு வெயில் காலத்தில் ஒழுகிவிடும். ஸ்க்ரூ போட்ட கனெக்டரில் சேர்க்கலாம். பாக்ஸில் அதற்கு இடமில்லை என்றால் ஒயர்மேனைக் கூப்பிட்டுப் புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

உரிக்கிற நீளம் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர். சாக்கெட்டின் டெர்மினல் பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். செம்பு முழுவதும் உள்ளே போக வேண்டும், இன்சுலேஷன் டெர்மினலின் வாசலைத் தொட்டு நிற்க வேண்டும். நீளம் கூடினால் செம்பு வெளியே தெரியும். குறைந்தால் ஸ்க்ரூ செம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். இரண்டாவது தவறுதான் மோசம், ஏனென்றால் இழுத்துப் பார்த்தால் கெட்டியாக நிற்கும்.

ஸ்ட்ரிப்பர் வாங்கச் சொன்னது இதற்குத்தான். பல்லால் கடித்து உரிக்கிறவர்களும் உண்டு, அவர்கள் பல் அவர்கள் பாடு. பிளேடாலோ கட்டிங் பிளேயராலோ உரித்தால் இழைகள் வெட்டுப்படும். 1.5 ஒயரில் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 22, 2.5 ஒயரில் 36. 22-ல் நான்கு இழை போனால் அந்த இடத்தில் ஒயர் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது என்று பொருள். எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை; தரையில் செம்பு மயிர் விழுந்திருந்தால் மறுபடி வெட்டி உரியுங்கள்.

உரித்ததும் இழைகளை வலப்பக்கமாக, ஸ்க்ரூ இறுகுகிற திசையிலேயே, விரலால் கெட்டியாக முறுக்குங்கள். டெர்மினல் துளை பெரிதாகவும் ஒயர் மெல்லியதாகவும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக உரித்து, நுனியை இரண்டாக மடித்துச் செருகுங்கள். ஸ்க்ரூவுக்குக் கடிக்கச் சதை கிடைக்கும். நுனிக்கு ஈயம் பூசுவது நேர்த்தி என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்க்ரூ டெர்மினலுக்கு அது ஆகாது. ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கி விலகும். ஸ்க்ரூ தானாகத் தளர்ந்த மாதிரி ஆகிவிடும்.

செருகி, இறுக்கி, ஒயரைப் பிடித்து ஒரு இழு. அப்புறம் ஒயரை இடவலமாக இரண்டுமுறை அசைத்துவிட்டு ஸ்க்ரூவை மறுபடி திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் கால் சுற்று போகும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு ஒயர்மேன் அண்ணன். "முதல் இறுக்கு ஒயருக்கு, ரெண்டாவது இறுக்குதான் உனக்கு, தம்பி" என்பார்.

எது எங்கே

சாக்கெட்டின் பின்னால் எல், என், இ என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எல் என்றால் பேஸ், என் நியூட்ரல், இ எர்த். முன்னாலிருந்து பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பின்னால் திருப்பினால் இடவலம் மாறிவிடும் என்பதால் பக்கத்தை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

சுவரிலிருந்து வருகிற பேஸ் நேராக சாக்கெட்டுக்குப் போகாது. முதலில் ஸ்விட்ச்சின் ஒரு முனைக்கு, ஸ்விட்ச்சின் மறுமுனையிலிருந்து ஒரு துண்டு ஒயர் சாக்கெட்டின் பேஸுக்கு. அந்தத் துண்டும் லைன் ஒயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்கு. ஸ்விட்ச்சை நியூட்ரலில் மாட்டினாலும் எல்லாம் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. ஸ்விட்ச்சை அணைத்தபின்னும் சாக்கெட்டில் பேஸ் உயிரோடு இருக்கும்.

எர்த்தை முதலில் மாட்டுங்கள், மற்ற இரண்டைவிட அதை நீளமாக விடுங்கள். எதாவது இழுபட்டால் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்க வேண்டும். பாக்ஸ் இரும்புப் பாக்ஸாக இருந்தால் அதற்கும் ஒரு எர்த் துண்டு போகட்டும்.

எர்த் ஒயரே இல்லாத பழைய வீடு என்றால்? இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜ் ஓடும், வாஷிங் மெஷின் ஓடும், மீட்டரில்கூட 230 காட்டும். வீட்டுக்கு வருகிற நியூட்ரல் எங்காவது ஒரு நாள் அறுந்தால், பேஸ் ஃபிரிட்ஜின் மோட்டார் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அந்தத் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். ஈரக் காலோடு கதவைத் திறக்கிறவர் கதி? நம் ஊரில் புயலுக்கு ஒயர் அறுவது அதிசயம் இல்லை. எர்த் இல்லையென்றால் ஒயர்மேனை வைத்து முறையாக எர்த் போடுங்கள். அதுவரை எர்த் டெர்மினல் காலியாக இருக்கட்டும், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் உள்ள பாயிண்ட்டிலேயே ஓடட்டும்.

மடித்து உள்ளே தள்ளுவது

பாக்ஸிலிருந்து ஒரு சாண் ஒயர் வெளியே இருந்தால் வசதி. அதற்கு மேல் இருந்தால் திணிக்க வேண்டிவரும், குறைந்தால் அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களுக்குச் சாபம் விடுவார். ஒயர்களைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து, எர்த்தை முதலில், பிறகு நியூட்ரல், கடைசியில் பேஸ் என்று பாக்ஸின் அடிப்பக்கம் பார்த்துப் படுக்க வையுங்கள். ஃபிரேம் ஸ்க்ரூ போகிற இரண்டு காதுகளின் குறுக்கே எந்த ஒயரும் இருக்கக் கூடாது. ஸ்க்ரூ அதைக் குத்திவிடும். ஃபிரேமை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் உள்ளே எதுவோ சரியில்லை. வெளியே எடுத்து மறுபடி மடியுங்கள்.

கரண்ட் கொடுத்துப் பார்ப்பது

மெயினைப் போட்டு, ஸ்விட்ச்சைப் போட்டு, மீட்டரில் மூன்று அளவு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி. பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 60, 110 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. இதை டெஸ்டர் சொல்லாது, அதற்குத் தெரிந்தது ஒரு துளையில் பேஸ் இருக்கிறதா என்பது மட்டும்தான்.

கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி வைத்த வீட்டில், எதையாவது செருகி ஸ்விட்ச் போட்டதும் அது விழுந்தால், முதலில் நியூட்ரலையும் எர்த்தையும் இடம் மாற்றி மாட்டிவிட்டோமா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி இல்லாத வீட்டில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

எல்லாம் சரி என்றால் கனமான ஒரு சாதனத்தைச் செருகி அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு புறங்கையால் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் அணைத்துத் திறக்க வேண்டியதுதான்.

மழையும் வெள்ளமும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் ஏறிய பாயிண்ட்டுகள் ஏராளம். தண்ணீர் வடிந்து, வெயிலில் காய்ந்து, துடைத்துப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். சேறும் உப்பும் டெர்மினலுக்குள் தங்கிவிட்டிருக்கும். அந்தச் சாக்கெட்டுகளையும் ஸ்விட்சுகளையும் தூக்கி எறிந்துவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி-யும் அப்படித்தான். ஒயரை ஒயர்மேன் சோதித்துச் சொல்லும்வரை மெயினைப் போடாதீர்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பழைய வெள்ளத்தின் கறை எதிர்வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து அதற்கு மேலே பாயிண்ட் வைக்கச் சொல்லலாம்.

நான் வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு முன் வீட்டை ஒழுங்குபண்ணும்போது, மெயினை அணைத்துவிட்டு அடுப்பு, கீசர், ஏ.சி பாயிண்ட்டுகளின் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிப் பார்க்கிறேன். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருக்கும், எங்கே பச்சை பூத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெள்ளையடிக்க ஆள் வருவதும் அந்தச் சமயத்தில்தான். அவர் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் சாக்கெட்டின் மேல் காகிதமும் டேப்பும் ஒட்டிவிடுங்கள். போன வருடம் எங்கள் வீட்டு ஹால் பாயிண்ட்டின் எர்த் துளை முழுக்கச் சுண்ணாம்பு.